இந்த வருஷம் புத்தகப் பெட்டி வராது

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் வாண்டுப் பயலும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதிவிட்டுப் பிறகு அடித்துவிட்டேன், மேலே தெரியும் கறுப்புக் கோடு அதுதான். உன் அம்மா சுகம். முழங்கால் வலி இருக்கிறது, அது இல்லாத நாள் எது, ஆனாலும் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். மாடி வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியை நிரம்பி வழியவிட்டு நம் கொடியில் காய்ந்த துணியெல்லாம் நனைந்துபோனதில் அவரோடு பெரிய சண்டை, வழக்கம்போல இவள்தான் ஜெயித்தாள். அவர் இப்போது படியில் என்னைப் பார்த்தால் பாவமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறார். எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது, வரி ஏன் மலை ஏறி இறங்குகிறது என்று நீ யோசிப்பாய். தடித்த மார்க்கர் பேனாவால் எழுதுகிறேன், பக்கத்துக்கு எட்டு வரிதான் பிடிக்கிறது, கட்டுக்கட்டாகக் காகிதம் வந்திருக்கிறதே என்று பயப்படாதே. போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் உடனே நான் ஒன்றும் இல்லைம்மா என்று சொல்லிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். வாண்டுவுக்கு வருஷாவருஷம் நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி அனுப்பும் பத்துப் புத்தகப் பெட்டி இந்த வருஷம் வராது. என் கண் போய்விட்டது பாப்பா. புரை என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தேன், எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நீயும் நிம்மதியாக இருந்தாய், அது புரை இல்லை. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டதாம், ஆபரேஷன் எல்லாம் இதற்குக் கிடையாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கலாம் என்று கண் டாக்டர் சொல்லிப் பத்து மாதம் ஆகிறது. முழுக்க இருட்டு இல்லை. ஓரத்தில் இருப்பது தெரிகிறது, எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் ஒரு அழுக்குத் திட்டுக்குப் பின்னால் போய்விடுகிறது. பூதக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் பெரிய எழுத்தைப் படித்துவிடுவேன். படம் என்றால் கலர் தெரியும், கலருக்குள் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பது தெரியாது. இது உன் அம்மாவுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது, நான் தெரியவிடவில்லை.

என் வேலை என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சின்ன வயதில் நீயும் அந்த நூலக அறைப் பாயில் உருண்டவள்தான். புதுப் புத்தகம் எடுக்கும்போது முதலில் எழுத்தைக் காகிதப் பட்டையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பேன், அப்புறம் படத்தை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் படிப்பேன், மூன்றாவது தடவைதான் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது. எழுத்து சொல்வதையே படமும் சொன்னால் அது சோம்பேறிப் புத்தகம், வேண்டாம். எழுத்து சொல்லாததைப் படம் சொல்ல வேண்டும், நல்ல படப்புத்தகம் என்றால் அதுதான். கதை இல்லாத தகவல் புத்தகம் என்றால் அச்சிட்ட வருஷத்தைப் பார்ப்பேன், படத்துக்குக் கீழே உள்ள வரி படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன், பூச்சிப் புத்தகம் வந்தால் கால்களை எண்ணாமல் விடமாட்டேன். இருபத்திரண்டு வருஷம் இப்படி. நான் போடும் பட்டியலை வாங்கி அப்படியே காப்பியடித்துச் சுற்றிலும் உள்ள நாலு பள்ளிக்கூடங்கள் புத்தகம் வாங்குகின்றன, அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கண் கெட்ட பிறகு படத்தை மட்டும் பார்க்கும் அந்த முதல் தடவையை விட்டுவிட்டேன். எழுத்தை மட்டும் பூதக்கண்ணாடியில் படித்துவிட்டுப் பட்டியலில் சேர்த்தேன். ஆறு மாதத்துக்கு முன்னால் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் நான் எடுத்த புதுப் பூச்சிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, சார் இதுல எறும்புக்கு எட்டுக் கால் போட்டிருக்கு என்றான். தலைமை ஆசிரியை பக்கத்திலேயே நிற்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா, நீங்க யாராவது கண்டுபிடிக்கிறீங்களான்னு பாக்கத்தான்டா வச்சிருந்தேன் என்று ஒரே போடாகப் போட்டேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அம்மையாரும் சிரித்துக்கொண்டே தட்டினார். அன்றைக்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

நிறுத்தவில்லை. இந்த வருஷத் தேர்வுக்கு அறுபது மாதிரிப் புத்தகம் வந்தது, அட்டைப்பெட்டி என்று நாங்கள் பேர் வைத்திருக்கிறோமே அந்தப் புத்தக ஏஜெண்ட், ஆள் இன்னும் அதே மாதிரிதான், மூச்சு வாங்கக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சார் பாத்தா போதும் எனக்குக் கவலையே இல்ல என்று சொல்லிவிட்டுப் போனார். அறுபதில் நாற்பதை எடுக்க வேண்டும். அதில் ஒன்று கண்ணாமூச்சிப் புத்தகம். எழுத்து கொஞ்சம்தான், ஒரு சின்னப் பெண் அப்பாவைத் தேடுகிறாள், கதவுக்குப் பின்னால் பார்த்தேன், இல்லை, கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், இல்லை, இப்படியே போகிறது. கடைசிப் பக்கத்தில், நான் எண்ணி முடித்துவிட்டேன் அப்பா வெளியே வா, அவ்வளவுதான். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று, பிள்ளைகளோடு சேர்ந்து சத்தம் போட்டுப் படிக்க இதைவிட நல்லது கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன். போன செவ்வாய்க்கிழமை முதல் பீரியடில் இரண்டாம் வகுப்பைப் பாயில் உட்காரவைத்து, புத்தகத்தை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தேன். நான் கதவுக்குப் பின்னாலே என்று இழுக்கவேண்டியது, அவர்கள் எல்லோரும் இல்லை என்று கத்தவேண்டியது. முதல் இரண்டு பக்கம் அறை அதிர்ந்தது. மூன்றாவதில் சத்தம் பாதியாகிவிட்டது. பிள்ளைகளுக்குச் சலிக்கிறது போலிருக்கிறது என்று நான் கையை ஆட்டி, கண்ணை உருட்டி, கோமாளி மாதிரி இன்னும் உரக்கக் கத்தினேன். கடைசியில் ஒரே ஒரு குரல் மட்டும்தான் எனக்கு இல்லை இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. வகுப்பு டீச்சர் விறுவிறுவென்று வந்து புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

அந்தப் படங்களில் இருந்தது சாவு வீடு பாப்பா. சுவரோரம் வரிசையாக நாற்காலி போட்டு ஆட்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், அம்மாவை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அத்தனை பேர் காலுக்கு நடுவிலும் அந்தக் குழந்தை அப்பாவைத் தேடிக்கொண்டு போகிறாள். எழுத்தில் ஒரு வார்த்தை கிடையாது, எல்லாம் படத்தில்தான். கடைசி வரை பதில் சொன்ன அந்த ஒரு குரல் ரெட்டைச்சடையின் குரல், நான் அப்படித்தான் அவளைக் கூப்பிடுவேன். அவள் அப்பா லாரி டிரைவர். மூன்று மாதத்துக்கு முன்னால் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் குழந்தையை உட்காரவைத்து, உன் அப்பா எங்கே என்று கேட்டு, இல்லை இல்லை என்று அவள் வாயாலேயே நான் கத்தவைத்திருக்கிறேன், அதுவும் சிரித்துக்கொண்டே. 

இதைவிடக் கேவலமானது அதற்குப் பிறகு நான் செய்ததுதான். வராந்தாவில் டீச்சர் என்னை நிறுத்தி, பூரா சாவு வீடா இருக்கு, எடுக்குமுன்னாடி படத்தப் பாக்கலையா சார் நீங்க என்று கேட்டார்கள். குரலில் கோபம்கூட இல்லை, நான் இல்லை என்று சொல்லிவிடுவேன் என்று காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பாத்துத்தான் எடுத்தேன், பிள்ளைகளுக்கு சாவும் தெரியணும்ல டீச்சர் என்றேன். குருடன் என்று பேர் வாங்குவதைவிடக் கல்நெஞ்சன் என்று பேர் வாங்குவது மேல் என்று அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் தோன்றியிருக்கிறது, பார்த்துக்கொள் உன் அப்பனை. பதினோரு வருஷமாக டிபன் பாக்ஸைத் திறந்தால் முதலில் என் பக்கம் நீட்டும் அந்த டீச்சர் இப்போது என்னோடு பேசுவதில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டு, பொய் சொல்லிட்டு வந்து நிக்கிறீங்களே என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரெட்டைச்சடை தானாகவே நூலகத்துக்கு வந்தாள். டீச்சர் என் மேஜைமேல் போட்டுவிட்டுப் போன அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். நீங்க பாக்கல சார் என்றாள். பாத்திருந்தா அப்படி வாசிச்சிருக்க மாட்டீங்க என்றாள். படித்தவர்கள் யாருக்கும் தோன்றாதது இந்த ஏழு வயசுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குக் கண் தெரியலைம்மா என்று முதல்முதலாக அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளிடம்தான் சொன்னேன். அவள் அதற்கு ஐயோ பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பக்கம் பக்கமாக எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். இங்க நிறைய செருப்பு கிடக்கு, இங்க அம்மா அழுறாங்க, இந்த மாமா பாப்பாவைத் தூக்கப் பாக்குறாங்க அது ஓடுது. வேண்டாம்மா போதும் என்று இரண்டு தடவை சொல்லிப்பார்த்தேன், அவள் கேட்கவில்லை. கடைசிப் பக்கம் வந்ததும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் புத்தகத்தை மூடி, இது வேணாம் சார் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இன்னும் எனக்குத் தெரியாது. அம்மாவிடம் காட்டிக் கேட்கலாம், கேட்கவில்லை.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிப் பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறேன், அதற்கு முன்னால் டீச்சரிடம் சொல்ல வேண்டும், அவர்கள் நின்று கேட்டால். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். என் இடத்துக்கு வேறு ஆள் போடமாட்டார்கள், அதை அம்மையார் போன வருஷமே சொல்லிவிட்டார். உடைந்த பெஞ்சுகள் வராந்தாவில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன, நூலக அறையில்தான் அவற்றைப் போடுவார்கள். வாசிப்புப் பீரியட் கணக்குப் பீரியட் ஆகிவிடும். நான் வாயைத் திறந்தால் பிள்ளைகளுக்கு அறை போகிறது, திறக்காவிட்டால் இன்னொரு குழந்தையை இன்னொரு நாள் இப்படி உட்காரவைப்பேன். எப்படிப் பார்த்தாலும் என்னால்தான். எனக்குத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் எடுத்ததெல்லாம் சரிதானா என்றுகூடச் சந்தேகம் வந்துவிட்டது. நீ ஆறுதல் சொல்லி எழுதாதே பாப்பா, ஆறுதல் இதில் ஒட்டாது.

ஒரு காரியம் மட்டும் உடனே செய். போன வருஷம் அனுப்பிய பெட்டியில் உள்ள பத்தையும் எடுத்து, எழுத்தைக் காகிதத்தால் மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் நீ உட்கார்ந்து பார். அப்போதே கண் மங்க ஆரம்பித்துவிட்டது, எதை வைத்தேன் என்று எனக்கே உறுதி இல்லை. சரியில்லாததை எடுத்து அவன் கைக்கு எட்டாமல் மேலே வைத்துவிடு. இனிமேல் வாண்டுவுக்கு நீயே பொறுக்கு, கடையில் அட்டையைப் பார்த்து மயங்காதே, நாலு பக்கம் அவனை விட்டுப் படத்தை மட்டும் பார்த்துக் கதை சொல்லச் சொல், அவன் சொல்வது அச்சில் இருப்பதைவிட நன்றாக இருந்தால் வாங்கு. மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். அம்மா வாண்டுவுக்கு இரண்டு சட்டை தைத்து வைத்திருக்கிறாள், அளவு ஒரு விரல்கடை கூடவே வைத்திருக்கிறாளாம்.

உனக்கும் உன் வீட்டுக்கும் எந்தக் குறையும் வராமல் எங்கள் ஆசி உங்களோடு இருக்கட்டும். கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறக்காதே. முன்பு ஒரு நாள் வீடியோவில் வந்து நல்லா இருக்கேன்ப்பா என்று சொன்னாய், நான் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, வேலை போயிடுச்சா என்று கேட்டேன், நீ உடைந்துபோய் அழுதாய். சின்ன வயதிலிருந்து உன்னை நான் அப்படித்தான் படித்திருக்கிறேன், வாய் சொல்வதை விட்டுவிட்டு முகத்தை. இந்தப் பத்து மாதமாக நீ திரையில் வந்ததெல்லாம் எனக்குக் கலர்தான் பாப்பா, அதைச் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். இனி நீ நல்லா இருக்கேன் என்று சொன்னால் நான் நம்பிவிடுவேன். அதனால் பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
உன் குரலுக்குக் காத்திருக்கும்
அப்பா