காதில் ஏந்திய நீர்

அண்ணா,

இன்று காலை வழிபாட்டை முடித்துக் கைப்பேசியை எடுத்தபோது, அதன் திரையில் ஒரு குங்குமக் கறையைக் கண்டேன். என் விரலில் இருந்ததுதான் ஒட்டிக்கொண்டது என்றெண்ணித் துண்டின் நுனியால் துடைத்தேன். அகலவில்லை. பிறகே விளங்கியது: கறை கண்ணாடியின் மேல் இல்லை, அதனுள் தெரிந்த பழைய தாளின் மேல் இருந்தது. மேலே விநாயகர் காப்பு; ஓரத்தில் மேலிருந்து கீழாக இழுபட்ட ஒரு செங்கோடு. கீரனூர்ப் பெரியவரின் நடுங்கிய மோதிரவிரல் இட்ட கோடு அது. நீங்களும் நானும் கைகட்டி நின்று பார்த்த கோடு.

நம் முற்றோதல் குழுவில் வங்கியில் பணிபுரியும் அம்மையார் இருக்கிறாரே, அவர்தான் அதை அனுப்பியிருந்தார். "ஐயா, நம்ம கோயில் புராணம் உரையோட நெட்டுல இருக்குங்க. காசும் கேக்கல, பேரும் கேக்கல. நீங்க தேடுனது இதுதானான்னு பாருங்க" என்று அவர் குரலும் உடன் வந்திருந்தது. இதுதான் அண்ணா. நாம் தேடியது இதுவேதான்.

கார்த்திகை மாலைகள் நினைவுக்கு வருகின்றன. திருக்கோகர்ணத்து மண்டபத்தில் நான் செய்யுளைப் படிக்க, நீங்கள் பொருள் விரிப்பீர்கள். பகலெல்லாம் அஞ்சலகத்தில் முத்திரை குத்திய உங்கள் கை, மாலையில் திருநீறு துலங்க ஏட்டின் மேல் அமர்ந்திருக்கும். மூலம் நம்மிடம் முழுமையாக இருந்தது. உரைநூலின் கடைசிப் படலத்தை மட்டும் கரையான் தின்றிருந்தது. பசு தன் காதில் கங்கை நீரை ஏந்தி வந்து இறைவனை நீராட்டிய படலம் அது. கதையை நம் ஊரில் அறியாதார் இல்லை. ஆனால் அதில் ஒரு செய்யுள், நீரை ஏந்தக் காது ஏன் என்பதை உணர்ந்தவரே வழிபாட்டை உணர்ந்தவர் என்று கூறிவிட்டு, காரணத்தைக் கூறாமலே முடிந்துவிடும்.

அவ்விடத்தில் நீங்கள் ஏட்டைக் கீழே வைப்பீர்கள். "இதுக்கு எனக்குப் பொருள் தெரியாதுங்க. தெரிஞ்ச மாதிரி சொன்னா சாமி குத்தமாயிரும். பாட்ட மட்டும் கேட்டுக்கங்க."

"வருசா வருசம் வண்டி இதே எடத்துல நின்னு போகுதே!" என்று தூணோரத்திலிருந்து ஒரு குரல் எழும்.

"டிக்கெட்டுக் காசு திருப்பித் தரமாட்டோம். எறங்கி நடங்க" என்பீர்கள். மண்டபமே சிரிக்கும். நீங்களும் சிரிப்பீர்கள். ஆனால் நிறைவு நாளில் பரிவட்டம் கட்ட வந்தவர்களிடம் தலையைக் கொடுக்கமாட்டீர்கள். "பாதிக் கெணறு தாண்டுனவனுக்குப் பரிவட்டம் என்னத்துக்கு?" என்று விலகி நிற்பீர்கள். அந்தச் சிரிப்பின் அடியில் இருந்த தாகத்தை அருகிருந்த நான் அறிவேன்.

அந்த உரைநூல் பழுதின்றிக் கீரனூரில் ஒரு வீட்டில் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பேருந்தேறிப் போனோம். அதை வைத்திருந்த அலமாரி சரசுவதி பூசையன்று மட்டுமே திறக்கப்படும். நாம் போனதும் அந்நாளில்தான். மஞ்சளும் பூவுமாக அடுக்கிய நூல்களின் உச்சியில் அது வீற்றிருந்தது. கை நீட்டினால் எட்டும் தொலைவு.

"நல்லாக் கும்புட்டுக்கங்க. ஆனா இன்னிக்கிப் படிக்கக் கூடாதுல்ல, ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார் வீட்டுப் பெரியவர்.

நமக்குத் தெரியும். கலைமகள் முன் வைத்த நூலை அன்று தொடுவது முறையன்று. விழுந்து வணங்கிவிட்டு வந்தோம். மறுநாள் விடியலில் மீண்டும் போனோம். பெரியவர் காப்புச் செய்யுளின் ஓரத்தில் குங்குமம் இட்டு, அதை மட்டும் படிக்கச் செய்து நூலை மூடினார். கடைசிப் படலத்தை மட்டும் பார்க்கலாமா என்று நீங்கள் பணிந்து கேட்டீர்கள்.

"கோவிச்சுக்காதீங்க. எங்க அப்பா காலத்துல ஒருத்தர் இப்படித்தான் ஒரு பொத்தகத்த வாங்கிட்டுப் போனாரு. பொத்தகமும் வரல, அவரும் வரல" என்றார். சாவி இடுப்புக்குப் போய்விட்டது.

திரும்பும் வழியில் நான் சினந்து பேசினேன். நீங்கள் பேருந்தின் சன்னல் வழியே பார்த்தபடி, "கலைவாணிக்கு லீவு நாளாப் பாத்துப் போயி மனுக் குடுத்தோம் தம்பி, வேற என்ன நடக்கும்?" என்றீர்கள். சற்றுப் பொறுத்து, "அவரத் திட்டாதீங்க. பூட்டி வச்சதுனாலதான் கரையான் உள்ள போகல. எல்லாருக்கும்னு வெளிய வச்சிருந்த நம்ம பொத்தகத்தப் பாத்தீங்கள்ல?" என்றும் சொன்னீர்கள்.

பின்னர் அந்தப் பெரியவர் சிவபதம் எய்தினார். கேட்டுப் பார்க்கலாமே என்றேன். "துக்க வீட்டுல போயிப் பொத்தகமா கேக்கிறது? ஆண்டுத் திதி கழியட்டும்" என்றீர்கள். அது கழிவதற்குள் நீங்கள் படுத்துவிட்டீர்கள். பேச்சுக் குறைந்துபோன நாள்களில் ஒருமுறை என் கையைப் பற்றி, "காது ஏன்னு என்னைக்காவது தெரிஞ்சா எனக்கு வந்து சொல்லணும்" என்றீர்கள். தலையணைக்கு அருகில் உங்கள் கைப்பேசி மெல்லப் பதிகம் பாடிக்கொண்டிருந்தது.

இன்று பிற்பகல் கீரனூருக்குப் போனேன். பெரியவரின் மருமகள் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"மாமா போனதும் அலமாரியத் தொறந்து பாத்தேன், மனசு கேக்கல. நூலகத்துக்காரவுக வந்து படம் எடுத்துட்டுப் பொத்தகத்தத் திருப்பிக் குடுத்துட்டாக. யாரு வேணும்னாலும் படிக்கட்டும்னுதாங்க சம்மதிச்சேன்" என்றார். பிறகு, "ஒங்க கூட வருவாகளே, அந்த ஐயா பாத்துட்டாகளா?" என்று கேட்டார்.

"எப்பம்மா நெட்டுல ஏத்துனாக?" என்றேன்.

"மாமா போயி மூணாம் மாசமே ஏத்திட்டாகளே!"

அவர் தந்த மோரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். நீங்கள் படுத்திருந்த நாளெல்லாம் அது திறந்தே கிடந்திருக்கிறது, அண்ணா. பதிகம் பாடிய அதே கைப்பேசிக்குள், உங்கள் செவிக்கு ஒரு சாண் தொலைவில் இருந்திருக்கிறது. நாம் அலமாரிக்கு மரியாதை செய்து காத்திருந்தோம். கதவு வேறு திசையில் திறந்திருந்தது. எந்தத் தீட்டும் அதைத் தடுத்திருக்காது. திறந்து வைப்பவர் அறம் செய்கிறார். ஆயினும் திறந்திருக்கிறது என்று ஒருவர் வந்து சொல்லாதவரை, தாகத்தோடு நிற்பவனுக்கு அதுவும் பூட்டுத்தான்.

உரையைச் சொல்லிவிடுகிறேன். நீரைக் கொம்பில் ஏந்தலாம், வாயில் ஏந்தலாம். கொம்பில் ஏந்தினால் செருக்கு. வாயில் ஏந்தினால் தாகத்தில் தானே விழுங்கிவிடக் கூடும். காது தனக்கென எதையும் பருகுவதில்லை. பெற்றதைத் தனதாக்காமல், சிந்தாமல், சேரவேண்டிய இடத்தில் கவிழ்த்துவிடுவதே வழிபாடு; ஆகவே காது என்கிறார் உரைகாரர். இவ்வளவுதான். எளியது. இதைக் கேட்டிருந்தால் அந்தச் செய்யுளை இன்னொரு முறை படிக்கச் சொல்லியிருப்பீர்கள்.

இறைவனடியில் இருப்பவருக்கு உரைநூல் எதற்கு, இறைவனே உணர்த்தியிருப்பார் என்று என் பக்தி சொல்கிறது. மனம் ஒப்ப மறுக்கிறது. வந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்லை ஏந்திக்கொண்டு எந்த வாசலுக்கு வருவேன்?

வரும் கார்த்திகையில் அந்தச் செய்யுளில் நிற்காமல் பொருள் சொல்லப்போகிறேன். அது கிடைக்கும் இடத்தையும், அவரவர் வீட்டிலிருந்தே படிக்கும் வழியையும் சொல்லுவேன். மண்டபத்தில் இருப்பவர் எல்லாரும் அறிவார்கள். வேண்டிக் கேட்ட ஒருவர் மட்டும் அங்கே இருக்கமாட்டார்.