அருள்மலருக்கு நான் கை உயர்த்தின கதை

கப்பல்துறை

அன்புள்ள மகன் றிக்சனுக்கு அம்மா எழுதுறது. என்ர வலது முழங்கால் ஒண்டைத் தவிர இஞ்ச மிச்சமெல்லாம் மாதாவின்ர கிருபையால சுகம், அங்க நீயும் மருமகளும் பேரப்பிள்ளையளும் அந்தக் குளிருக்குள்ள தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேணும் எண்டு ஒவ்வொரு பூசையிலயும் உங்கட பேரைத் தனித்தனியாச் சொல்லித்தான் மண்டாடுறன். ரெலிபோன் இருக்க ஏன் கடிதம் எண்டு யோசிப்பாய். ரெலிபோனில நான் ஒண்டைத் தொடங்க நீ ஓம் அம்மா ஓம் அம்மா எண்டு அவசரப்படுவாய், அதுக்குள்ள உன்ர முகமும் அப்பிடியே நிண்டுபோகும். வின்சன்ட் மாஸ்டரின்ர மகள் டென்மார்க்குக்குத்தான் வாறா, அவவின்ர பெட்டியில மிளகாய்த்தூளோட இதையும் குடுத்துவிடுறன். எழுத்துப் பிழையைப் பாக்காதை, அஞ்சாம் வகுப்போட நிண்ட கை.

போன முறை நீ சொன்னாய், இந்த வயசில சேத்துக்க இறங்கிச் சங்கம் சங்கம் எண்டு திரியாதேங்கோ அம்மா, விலகுங்கோ எண்டு. அண்டைக்கு நான் வாய் திறக்கேல்லை. இப்ப சொல்லுறன், இடையில விடாமல் வாசி.

கோயிலுக்குப் பின்னால குடாக்கரைக்கு இறங்கிற அரசாங்கக் காணி உனக்குத் தெரியும்தானே, ஊரின்ர போத்தல் ஓடு எல்லாம் கொட்டிக் கிடந்த இடம். மணல் லொறி வச்சிருக்கிற துவாரகன் அதை நிரவித் தன்ர லொறியளை விடக் கேட்டு அரசாங்கக் கந்தோருக்கு நடந்தவன். அவனுக்கு முந்தி அருள்மலர் நடந்திட்டாள், இப்ப எங்கட மாதர் சங்கத் தலைவி அவள்தான். ஊர் சேந்து தோட்டம் செய்யவும் கரைச் சேத்தில கண்டல் மரம் வளக்கவும் அரசாங்கம் மானியம் குடுக்குது எண்டு எங்கயோ கேள்விப்பட்டு, கந்தோரில ஒரு மேசையில இருந்து மற்ற மேசைக்கு விரட்ட விரட்டப் போயிருக்கிறாள். பெரிய ஐயா வெளியில போயிட்டார் எண்டு சொன்ன அண்டைக்கு வாசல்படியிலேயே இருந்து சோத்துப் பார்சலையும் பிரிச்சுச் சாப்பிட்டவளாம், ஐயா என்னைக் கடந்துதானே உள்ள போகவேணும் எண்டு. அப்பிடி எடுத்த மானியம். முதல் பங்கில வேலி வந்தது, கிணறு ஆழமாச்சுது. இரண்டாம் பங்கில தண்ணித்தாங்கியும் பைப்பும், அதோட காணியைச் சங்கம் பாவிக்கிறதுக்கு உத்தரவும். ஆனால் கரையில நட்ட கண்டல் உயிரோட நிக்குது எண்டு கந்தோர்க்காறர் வந்து கண்ணால கண்டால்தான் அது கிடைக்கும். நிக்காட்டில் காணி திரும்பக் கந்தோருக்கு, பிறகு துவாரகனின்ர லொறிக்கு.

அருள்மலரில எனக்கு என்ன கோபம் எண்டு நீ மறந்திருப்பாய், நான் மறக்கேல்லை. நீ சின்னனாய் இருக்கேக்க நத்தார் ஒளிவிழாவில நீதான் சம்மனசு எண்டு சிஸ்டர் சொல்லி, நான் என்ர கலியாணச் சேலையின்ர கரையை வெட்டிச் சிறகுக்கு வச்சுத் தைச்சுக் குடுக்க, ஒத்திகையில வந்து நிண்டு இந்தப் பெடியன் கறுப்பு, மேடையில தெரியமாட்டான் எண்டு சொல்லித் தன்ர மகன் ஜக்சனைச் சம்மனசாக்கினவள் அவள். உன்னை ஆட்டுக்குட்டியாக்கிப் போட்டாள். நான் தைச்ச சிறகோட அவன் மேல நிக்க, நீ கீழ நாலு காலில நிண்டு மே எண்டாய், சனம் சிரிச்சுது. நீயும் சிரிச்சாய், அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கேலாமல் கிடக்குது. அண்டையில இருந்து அவளோட எனக்குக் கதை இல்லை. பூசையில சமாதானம் சொல்லுற நேரத்திலயும் நான் மற்றப் பக்கம்தான் திரும்புறனான். சங்கத்தில சேந்ததும் கத்தரிக்காய்க்காகத்தான்.

ஆனால் உள்ளதைச் சொல்லத்தானே வேணும். அந்தக் குப்பைக் காணியை நீ இப்ப வந்து பாக்கவேணும் ராசா. கத்தரி, வெண்டி, பயற்றை, வேலி முழுக்கப் பாவல் ஏறி நிக்குது, வல்லாரைக்கு எண்டு ஈரமான ஒரு மூலை. மீன் கழுவின தண்ணியை ஒரு வீடும் ஊத்தக்கூடாது, வாளியில தோட்டத்துக்கு வரவேணும் எண்டு சட்டம் போட்டிருக்கிறாள், அதுக்காகத் தன்ர சொந்த மச்சாளோடயே ஒழுங்கையில நிண்டு சண்டை பிடிச்சவள். எனக்குப் பிரிச்ச பாத்தி கிணத்துக்குக் கிட்ட. முழங்காலைப் பாத்துத்தான் அப்பிடிப் பிரிச்சது. அவள் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை, எனக்குக் கண் இருக்குத்தானே.

இனிக் கண்டல் கதைக்கு வாறன். அது கன்று கிண்டி நடுறது இல்லை. முருங்கைக்காய் மாதிரி நீளக் காய், அதைச் சேத்தில குத்திவிடுறது, இலை விட மாசக்கணக்கில செல்லும், அதுமட்டும் பாக்கிறவைக்கு ஆரோ சும்மா குச்சி குத்தி வச்ச மாதிரித்தான். அதை நட்டது அருள்மலரும் நானும் கோயில் இளைஞர் பெடியளும், கரையின்ர ஒரு தொங்கலில அவள், மற்றத் தொங்கலில நான். தோட்டத்துக்கு மட்டும் வாற பெண்டுகள் அந்தப் பக்கம் இறங்கினதில்லை. கந்தோரில இருந்து நாளைக்கு வருகினம் எண்டு அறிவிச்ச அண்டைக்கு, அருள்மலர் மகளின்ர பிள்ளைப்பேறு பாக்கப் பாலையூற்றில நிண்டவள், நான் முழங்காலுக்குக் கிளினிக்குக்குப் போயிட்டன். இடத்தைத் துப்புரவாக வையுங்கோ எண்டு அவள் ரெலிபோனில சொல்லியிருக்கிறாள். எங்கட பெண்டுகளுக்குத் துப்புரவு எண்டால் என்னெண்டு உனக்குச் சொல்லவேணுமே. திருநாளுக்குக் கோயில் வளவு கூட்டுற மாதிரி, ஆள் வருகினம் எண்டால் ஒரு சருகு கிடக்கக்கூடாது. தோட்டத்தைக் கூட்டி, வழியைக் கூட்டி, அந்த வீச்சில கரைக்கும் இறங்கி, ஒதுங்கின பொலித்தீனோட நாங்கள் குத்தின குச்சியளையும் பிடுங்கிக் குவிச்சு நெருப்பு வச்சிட்டினம். நான் ஓட்டோவால இறங்க கரையில புகை. முன்னுக்கு நிண்டு நடத்தினது ஆர் எண்டு நினைக்கிறாய், எங்கட றஜிதா, உன்ர தம்பி பெஞ்சாதி. மாமி, கரை இப்ப கண்ணாடி மாதிரி இருக்குப் பாத்தியளோ எண்டு வேர்க்க விறுவிறுக்க வந்து கேட்டாள் பிள்ளை.

பொழுதுபட அருள்மலர் வந்து அந்தச் சாம்பலைப் பாத்தாள். கத்துவாள் எண்டு நினைச்சன், கத்தேல்லை. ஆர் செய்தது எண்டு அவளுக்குத் தெரியும், றஜிதாவின்ர முகத்திலயே எழுதியிருந்தது. அப்ப ஒருத்தி சொன்னாள், விடிய எங்கையாவது பச்சைக் கொப்பு முறிச்சுக் குத்திவிடுவம், கந்தோர்க்காறர் மேல நிண்டு பாத்திட்டுப் போவினம், சேத்துக்க இறங்கவோ போகினம் எண்டு. நாலைஞ்சு பேர் அது நல்ல யோசனை எண்டவை. அருள்மலர் ஒரே ஒரு கதைதான் சொன்னாள், கொப்பு நாளண்டைக்கு வாடும், வாடினாப் பிறகு என்ர முகத்தை நான் எங்க கொண்டுபோய் வைக்க எண்டு.

அடுத்த நாள் கந்தோரில இருந்து வந்தது ஒரு கிண்ணியாப் பிள்ளை, ஷிஃபானா எண்டு பேர், சின்ன வயசு, ஆனால் கெட்டிக்காறி. வந்ததும் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்து, அபாயாவைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நேர சேத்துக்க இறங்கிட்டா. கொப்பு குத்தச் சொன்னவள் என்ர முதுகுக்குப் பின்னால ஒளிச்சாள். எங்க அக்கா கண்டல் எண்டு அந்தப் பிள்ளை கேக்க, அருள்மலர் எல்லாருக்கும் கேக்கச் சொன்னா, பிள்ளை, நாங்கள் கூட்டி எரிச்சுப்போட்டம். துப்புரவாக்கச் சொன்னது நான், எது கண்டல் எது குப்பை எண்டு காட்டிக் குடுக்காமல் போனதும் நான், பிழை என்ர எண்டு. றஜிதாவின்ர பேர் அவவின்ர வாயில வரேல்லை. எனக்குப் பக்கத்தில றஜிதா விக்கி விக்கி அழுதாள். என்னோட இவ்வளவு காலம் கதைபேச்சு இல்லாதவ, என்ர வீட்டுப் பிள்ளையைச் சபையில விட்டுக் குடுக்கேல்லை. நான் எண்டால் விட்டுக் குடுத்திருப்பன் மகன், அதை உனக்கு மட்டும் சொல்லுறன்.

ஷிஃபானா சேத்தால ஏறி வந்து, இரண்டாம் பங்கு இப்ப தரேலாது அக்கா, திரும்ப நடுங்கோ, மாரி முடிய வந்து பாப்பன், இலை விட்டு நிண்டால் தண்ணித்தாங்கியும் வரும் காணி உத்தரவும் வரும், அதுமட்டும் காணியை வேற ஆருக்கும் விடாமல் நான் பாக்கிறன், நீங்களாகவே சொன்னபடியால்தான் இதையாவது செய்ய ஏலுது எண்டு சொல்லிட்டுப் போனா.

அதோட முடிஞ்சுது எண்டு நினையாதை. வாளியில தண்ணி சுமக்கிற பெண்டுகளுக்கு ஆத்திரம். வாயை வச்சுக்கொண்டு இருந்திருந்தால் தாங்கி வந்திருக்கும், இவ பெரிய நீதவான் எண்டு கிணத்தடியில கதை. ஞாயிறு பூசை முடியக் கூட்டம் வச்சு, தலைவியை மாத்தவேணும் எண்டு ஒருத்தி எழும்பிச் சொல்லிட்டாள். அருள்மலர் இருக்கவேணும் எண்டுறவை கை உயர்த்துங்கோ எண்டால் ஒரு கையும் எழும்பேல்லை. றஜிதா குனிஞ்ச தலை நிமிரேல்லை. நான் உயர்த்தினன். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பாத்துது, எங்கட கோபம் ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தானே. நான் எழும்பிச் சொன்னன், எனக்கு அவவில விருப்பம் இல்லை, சாகுமட்டும் இருக்கப்போறதும் இல்லை. ஆனால் கந்தோர்ப் படியில இருந்து சோறு திண்ண உங்களில ஆருக்கு ஏலும், கைகாட்டுங்கோ. நீங்கள் கூட்டினதுக்கு அவ பேச்சு வாங்கினா, அப்பிடி வாங்க ஏலுமோ உங்களுக்கு, அதையும் சொல்லுங்கோ. ஏலாட்டில் பொத்திக்கொண்டு கையைத் தூக்குங்கோ எண்டு. கோயில் மண்டபத்தில சொல்லக்கூடாத சொல்லுத்தான், பாதர் இருமினார். ஆனால் அடுத்ததாய் றஜிதா கையை உயர்த்தி, கூட்டினது நான்தான் எண்டும் தன்ர வாயாலேயே சொன்னாள். பிறகு ஒண்டொண்டாக் கையள் எழும்பிச்சுது. அருள்மலர்தான் தலைவி.

அவ நன்றி கின்றி எண்டு ஒண்டும் சொல்லேல்லை, நல்லது, சொல்லியிருந்தால் எனக்கு வெக்கக்கேடாய் இருந்திருக்கும். புதுக் காய் வந்திட்டுது, நாளைக்குத் தண்ணி வத்தினதும் நடுறம், இனி வேலிக்கு அங்கால விளக்குமாறு கொண்டுபோகக்கூடாது எண்டா. பிறகு என்னைப் பாத்து, அக்கா, இலை விடுமட்டும் கரைக்குக் காவல் நீங்கள் எண்டா. இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு அக்கா. விடிய எழும்பிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனன்.

ஆனபடியால் சங்கத்தை விட்டு விலகிறது பற்றி இனி என்னோட கதையாதை. வேலைக்குப் போகேக்க தொப்பி போடு, பிள்ளையளோட வீட்டில தமிழில கதை, மருமகளின்ர சமையலைக் குறை சொல்லாதை. உங்கள் எல்லாற்ற நெத்தியிலயும் இஞ்ச இருந்தே சிலுவை அடையாளம் போடுறன், மாதா உங்களைத் தன்ர முந்தானைக்குள்ள வச்சிருப்பா. இன்னொண்டு, நீ நடுச்சாமத்தில வேலை முடிச்சு வந்து ரெலிபோன் எடுக்கிற நேரம் இஞ்ச விடியப்புறம். மாரி முடியுமட்டும் அந்த நேரம் எடுக்காதை, மணி அடிச்சு அடிச்சு நிக்கும், நான் வீட்டில இருக்கமாட்டன்.

உன்ர அம்மா
பிலோமினா