அதே குரூப்பில் திருத்தி எழுது

முருகன் துணை

பிரிக்பீல்ட்ஸ்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் திருச்செல்வத்துக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் தங்கச்சி மலர்விழியும் நலம், பெர்த்தில் நீயும் மருமகளும் நல்லா இருக்கணும். கோபத்தில் போனில் பேசினால் வாய் தவறிவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

என் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை உனக்கு மட்டும்தானே அனுப்பினேன். நீ கூகிளில் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு லூப்பஸ் வந்துவிட்டது, உடம்பு தன்னையே தாக்குகிற நோய், எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று குடும்ப குரூப்பில் போட்டாய். யாரைக் கேட்டுப் போட்டாய்? டாக்டர் நிதானமாகச் சொன்னார், ஆன்டி, மூட்டு வாதத்துக்கு நீங்க போடுற ஊசியாலேயே சிலருக்கு இரத்தத்தில் சொந்த உடம்பை எதிர்க்கிற பொருள் உண்டாகும், அது தெரிவதாலேயே நோய் என்று அர்த்தமில்லை, முகத்தில் தடிப்பு, காய்ச்சல், நெஞ்சுவலி வந்தால் உடனே வாங்க, இல்லாட்டி ஊசியை நிறுத்த வேண்டாம் என்று. எனக்கு அதெல்லாம் ஒன்றும் வரவில்லை. வந்தது மலரின் நிச்சயத்துக்கு நாள் பார்த்திருந்த கிள்ளான் மாப்பிள்ளை வீட்டுப் போன்தான். உன் சித்தி இராஜம்மா குரூப்பில் படித்ததை அப்படியே அங்கே சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா, இது பரம்பரையாக வருமா என்கிறார். ஊசியில் வந்தது எப்படிப் பரம்பரையாகும்? ஆறு மாதம் ஊசியை நிறுத்துங்கள், ரிப்போர்ட் சுத்தமாக வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். அவர் வேற்று மனிதர், போகட்டும். நீ என்ன சொன்னாய்? ஆறு மாசம்தானே, தங்கச்சிக்காகப் பொறுத்துக்கோங்கம்மா என்றாய். ஊசி போட ஆரம்பிக்கும் முன்னால், விரல் மடங்காமல் இருந்தபோது என் தலையை யார் பின்னிவிட்டது, திரி திரிக்க வராமல் சாமி விளக்கை எத்தனை நாள் மலர் ஏற்றினாள் என்று உனக்கு எங்கே தெரியும், நீதான் விமானம் ஏறிவிட்டாயே.

நானும் மனசு ஒடிந்து, புதன்கிழமை ஊசிக்குப் போகாமல் படுத்துவிட்டேன். மலர் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு வந்து கூப்பிட்டாள். எங்கே என்றேன். கிளினிக்குக்குத்தான் லா, அவர் கட்டிக்கப் போறது என்னை, உங்க இரத்தத்தை இல்லை, அதை அவங்க வீட்டுலயும் சொல்லிட்டேன் என்றாள். ஊசி போட்டாச்சு. கிள்ளானிலிருந்து இன்னும் பதில் இல்லை, வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த ஊசிக்கும் போவேன்.

வீட்டுக் கணக்கில் தப்பு எழுதினால் நான் வேறு தாளில் திருத்த மாட்டேன், அதே பக்கத்தில் அடித்துத்தான் எழுதுவேன். நீயும் அதே குரூப்பில், சித்திக்குப் புரிகிற தமிழில், அம்மாவுக்கு லூப்பஸ் இல்லை, விசாரிக்காமல் சொன்னது என் தப்பு என்று எழுது. அதுவரை உன் போனை எடுக்க மாட்டேன், மருமகளிடம் பேசுவேன்.

உறைக்குள் திருநீறு இருக்கிறது, இருவரும் பூசிக்கொண்டு நீண்ட காலம் நல்லா இருங்கள். இன்றைக்கு உனக்கும் சேர்த்துத்தான் விளக்கேற்றினேன், திரி நானே திரித்தது.

அம்மா
லோகேஸ்வரி