உப்புத் தரையில் மாப்பிள்ளை பார்த்தது

12.3.96 செவ்வாய்
கொளுத்தும் வெயில். ரொறன்ரோவில் இன்னும் ஸ்னோ. லாஸ் வேகாஸில் இறங்கி, வாடகை வான் வண்டியில் பாலைவனப் பூங்கா. மரணப் பள்ளத்தாக்கு; இங்கிலீசில் டெத் வலியாம் பெயர். வலிதான்.

அண்ணா, அண்ணி, நான், அண்ணியின் ஒன்றுவிட்ட தம்பி ரமணன். அவரை நான் ‘வடிவாய்ப் பார்க்க’ இந்தப் பயணம். ரொறன்ரோவிலேயே, டோர்செட் பார்க்கில் ஒரு தேத்தண்ணியோடு முடித்திருக்கலாம்.

“திரும்பிப் போக முன்னம் ஓமோ இல்லையோ சொல்லிப்போடு. இருபத்தொன்பது வயசு,” என்றார் அண்ணா. என் வயதை எனக்கே சொல்கிறார்.

ரமணன்: கௌபோய் தொப்பி, செருப்புக்குள் வெள்ளைச் சொக்ஸ். வழியிலுள்ள பலகைகளை எல்லாம் உரத்து வாசித்து, தமிழிலும் சொல்கிறார். இரண்டு மொழியும் எனக்குத் தெரியும், ஐயா.

13 புதன்
காற்று. முகத்தில் மணல், புட்டில் மணல். உதடு வெடிப்பு. வாஸ்லீன் வாங்க வேண்டும்.

கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை உப்புத் தரை. கடல் மட்டத்துக்கும் கீழே. எல்லோரும் அதிசயித்துப் பார்க்க, ரமணன் குனிந்து விரலால் தொட்டு நக்கினார்.

“உப்புத்தான்! எங்கட ஆனையிறவு உப்பளம் மாதிரி, என்ன?”

“சீனியெண்டு நினைச்சனீங்களோ?” என்றேன்.

அண்ணி முறைத்தார். ரமணனின் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

14 வியாழன்
ரமணன் கூடாரம் அடிப்பதில் பெரிய விண்ணராம். விடியக் காற்றில் அவருடைய கூடாரம்தான் அவர்மேல் விழுந்தது. உள்ளேயிருந்து குரல்: “ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ, நான் உயிரோட இருக்கிறன்!” சிரிப்பு வந்துவிட்டது. கோப்பைக்குள் முகத்தை மறைத்தேன். இடம் கொடுக்கக் கூடாது.

பிறகு மணல்மேடு. என் பையையும் அவரே காவினார். “சுமக்க நல்ல ஆள்,” என்றேன் அண்ணியிடம். கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன் போல.

முடிவு: மாட்டன். நாளைக்குச் சொல்வது. மரியாதையாக ஒரு வசனம் யோசித்து வைத்திருக்கிறேன். பாவம், மனம் உடையக் கூடாது.

15 வெள்ளி
மேகம். கூடாரம் சுருட்டும் வேலை. அண்ணாவை வானுக்குப் பின்னால் கூட்டிப்போனேன்.

“அண்ணா, கோவிக்காதேங்கோ. எனக்கு ஓமெண்டு சொல்ல ஏலாது.”

அண்ணா முகத்தில் நிம்மதி!

“நல்லதாப் போச்சு. உனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான். அவன் நேற்றே வேண்டாமெண்டிட்டான்.”

“ஏனாம்?”

“உனக்கு எடுப்புக் கூடவாம், தலைக்கனமாம்.”

எனக்கா? எடுப்பா?

காலடி மண்ணை உதைத்தேன். ஏன் உதைக்க வேண்டும்? நானும்தானே வேண்டாமென்றேன். ஆனால் எனக்கு முதலே சொல்லிவிட்டான், மூஞ்சூறு.