இடப்பக்கம் மட்டும் மல்லிகை

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்து காற்று. குமுளி மலையில் சாரல் இறங்கியிருக்க வேண்டும். கொடியில் போட்ட எதுவும் காயவில்லை. பாப்பாவின் ஜட்டி எல்லாம் ஈரம்.

கோவையிலிருந்து மெயில். பி.எச்டி. நேர்முகத் தேர்வு 12-ஆம் தேதி. நேரில் வர வேண்டும். அசல் சான்றிதழ்கள் வேண்டும். பரிந்துரைக் கடிதம் ஒன்று இன்னும் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. சந்தோஷப்படுவதற்குள் சோறு பொங்கி அடுப்பு அணைந்தது.

ஃபெலோஷிப் தகுதி இந்த வருடத்தோடு காலாவதி. பாப்பா வயிற்றில் இருந்தபோது எழுதித் தேறியது. இனி ஒருமுறை எழுதும் தெம்பு இல்லை. இது போனால் போனதுதான்.

எம்.எஸ்சி. புராஜெக்ட் கைடு சாருக்குப் போன். "ஏம்மா மெர்சி, நல்லாருக்கியா? லெட்டர்தானே? நீயே எழுதி அனுப்பிரும்மா, நான் பார்த்து அப்லோடு பண்ணிடறேன்." எல்லோருக்கும் அப்படித்தான். எங்கள் செட்டில் அத்தனை பேரும் தங்களைத் தாங்களே புகழ்ந்து எழுதித்தான் மேலே படிக்கப் போனார்கள்.

அத்தையிடம் சொன்னேன். கோவையில் ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்று.

"பால மறக்கடிக்காம நீ எங்கன போவ? ரெண்டு வயசு ஆகப்போகுது. வேப்பெண்ணெயத் தடவு, ரெண்டு நாள்ல விட்ருவா."

பாப்பா குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூன் 4, புதன்

கடிதம். மூன்று மணி நேரமாக முதல் பத்தி. "இவர் நேரம் தவறாதவர்." அழித்தேன். பாப்பா பிறந்த பிறகு பூசைக்குக்கூட நேரத்துக்குப் போனதில்லை. "கடின உழைப்பாளி." எல்லோரும் போடுவது. ஆய்வகத்தில் நான் எப்படி இருந்தேன் என்பதே நினைவில்லை. யாரோ ஒரு பெண், வெள்ளைக் கோட்டு, கையில் பிப்பெட்.

வீட்டுக்காரர் திராட்சைப் பந்தலிலிருந்து வந்தார். முழங்கை வரை நீலம். சாரல் விழுந்தால் திராட்சை இலையில் சாம்பல் பூத்துவிடும், அதனால் மயில்துத்தம் என்கிற தாமிர உப்பும் சுண்ணாம்பும் கலந்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"என்னத்த எழுதுற?"

"என்னைப் பத்தி. சார் எழுதுற மாதிரி."

"அப்ப வாய் ஜாஸ்தின்னு போடு."

"வெளையாடாதீக."

"சரி, இதப் போடு. யார் என்ன சொன்னாலும் நம்பமாட்டா, தானே பாத்தாத்தான் நம்புவா. யாவாரி பழம் புளிக்குதுன்னு சொன்னாகன்னு, குலையில மேல ஒண்ணு நடுவுல ஒண்ணு கீழ ஒண்ணு பிச்சுத் தின்னுட்டு அவககிட்டயே சண்டைக்குப் போனவதான நீ."

சிரித்தேன். ஆனால் அதைத்தான் போட்டேன், இங்கிலீஷில் கொஞ்சம் அழகாக்கி. தானே சோதித்துப் பார்க்காமல் எதையும் ஏற்காதவர். கடிதத்தில் உயிருள்ள வரி அது ஒன்றுதான்.

சார் பதில்: "இன்னும் கொஞ்சம் தூக்கி எழுதியிருக்கலாம்மா. பரவாயில்ல." அனுப்பிவிட்டார். எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தவில்லை.

ஜூன் 6, வெள்ளி

வேப்பெண்ணெய் தடவினேன். பாப்பா வாய் வைத்தாள். முகம் சுளித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி வாய் வைத்துக் கடகடவென்று குடித்து முடித்தாள்.

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒம் மகதான? எண்ணெய் தோத்துப் போச்சு."

பால் பாக்கெட் வாங்க வேண்டும். போட்டோ பிரிண்ட். மண்ணில் தாமிரம் பற்றிய பழைய நோட்டு எங்கே? அரிசி டின்னுக்குப் பின்னால் பார்க்க.

ஜூன் 7, சனி

வேப்பங்கொழுந்தை அரைத்து எண்ணெயில் குழைத்தது. அத்தை அரைத்துத் தந்தார். இது பலித்துவிட்டது. பாப்பா உடனே அழவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், வெகுநேரம். பிறகுதான் அழுதாள்.

அத்தை தூக்கிக்கொண்டு போனார். "அம்மாகிட்ட உவ்வே. சொல்லு ஆத்தா, உவ்வே." சாயங்காலத்துக்குள் சொல்லக் கற்றுக்கொண்டாள்.

நோட்டு கிடைத்தது. ஒரு வரியும் ஏறவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. நெஞ்சு கல். கையைத் தூக்க முடியவில்லை, சட்டையெல்லாம் ஈரம், உடம்பு சூடு. பாப்பா அடுத்த அறையில் அழும்போதெல்லாம் பால் தானாக ஊறுகிறது. காதைப் பொத்தினாலும் ஊறுகிறது.

அத்தை கோயில் வாசலிலிருந்து மல்லிகைப்பூ வாங்கி வந்தார். "ரெண்டு பக்கமும் வச்சுக் கட்டு. பால் வத்திரும்."

"எப்படி அத்தை வத்தும்?"

"எப்பிடின்னா? வத்தும். எங்கம்மா கட்டுனாக, நான் கட்டுனேன். ஒனக்கு எல்லாத்துக்கும் காரணம் வேணும்."

இரண்டு பக்கத்துக்கும் போதுமான பூ இருந்தது. இடப்பக்கம் மட்டும் கட்டினேன். வலப்பக்கம் வெறும் துணி. அத்தையிடம் சொல்லவில்லை. ஏன் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு பக்கமும் கட்டியிருந்தால் வலியாவது சீக்கிரம் விட்டிருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

இடப்பக்கம் இளகிவிட்டது. வலப்பக்கம் இன்னும் கல். அழுத்தி அழுத்திப் பார்த்தேன். வலியில் கண்ணீர், கூடவே, பூ பலித்ததோ என்று மனதில் ஒரு சின்னத் துள்ளல். எத்தனை நாளாயிற்று இப்படி.

பையில்: சான்றிதழ் ஃபைல். ஒரு புடவை, இரண்டு ஜாக்கெட் (கசிந்தால் மாற்ற). பழைய துண்டு. காய்ச்சல் மாத்திரை. மல்லிகை, ஈரத்துணியில் சுற்றி. பாப்பாவின் ஒரு சட்டை. அது எதற்கு? வெளியே எடுத்து வைத்தேன். மறுபடி உள்ளே.

ஜூன் 11, புதன். கோவை, தோழியின் ஹாஸ்டல்

பாப்பாவைக் கோழி காட்டக் கொல்லைப்பக்கம் தூக்கிப் போனார் அத்தை. நான் முன்வாசல் வழியாகத் திருடி மாதிரி.

கெங்குவார்பட்டி தாண்டும்போது போன். அத்தை குரலைவிட அழுகைதான் பெரிதாகக் கேட்டது. "ஒண்ணுமில்ல, நீ போ. பொழுதுக்கும் அழுதுக்கிட்டா இருப்பா?"

பக்கத்து சீட் அம்மா என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூவக் காணோம், வாசம் மட்டும் வருதேம்மா?"

"பையில இருக்குங்க."

"வாடிரும்மா. எடுத்துத் தலையில வை."

ஜூன் 12, வியாழன்

கேள்வி கேட்க ஐந்து பேர். ஒருவர் மட்டும் பெண். எல்லாம் இங்கிலீஷில். நினைவில் இருப்பதை எழுதிவிடுகிறேன்.

தாமிரம் ஏன் என்றார்கள். இவர் சட்டையின் நீலத்தைப் பற்றிச் சொன்னேன். துவைத்த தண்ணீர் போகும் இடம், பந்தலுக்கு அடியில் வருடக்கணக்காக விழுந்து சேரும் மண், அதில் மண்புழு இருக்கிறதா என்று யாரும் பார்க்காதது. பரவாயில்லை, ஓடிற்று.

பிறகு கண்ணாடி போட்ட ஒருவர் தாளைப் பார்த்துப் படித்தார். "தானே சோதித்துப் பார்க்காமல் எதையும் ஏற்காதவர் என்று உங்கள் பேராசிரியர் எழுதியிருக்கிறார். ஒரு உதாரணம் சொல்லுங்கள்."

நான் எழுதிய வரி. என் வீட்டுக்காரர் சொல்லி நான் எழுதியது. எம்.எஸ்சி. ஆய்வகத்திலிருந்து ஒரு உதாரணம் தேடினேன். தலை வெறுமை. வலப்பக்கம் விண்விண் என்று தெறித்தது.

மல்லிகையைச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். பால் மறக்கடித்தது, இடப்பக்கம் பூ, வலப்பக்கம் துணி, எது முதலில் இளகியது. சொல்லச் சொல்லக் காது சுட்டது. ஆண்கள் நால்வரும் மேஜையைப் பார்த்தார்கள். ஒருவர் தண்ணீர் குடித்தார்.

மேடம் மட்டும் முன்னால் சாய்ந்தார். தமிழில் கேட்டார்.

"குழந்தை எந்தப் பக்கம் அதிகமா குடிக்கும்?"

"வலப்பக்கம் மேடம்." சொன்ன பிறகுதான் உறைத்தது. அதிகம் குடிக்கிற பக்கத்தில் அதிகம் ஊறும். அது தாமதமாகத்தான் வற்றும், பூ இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

"அப்ப உங்க முடிவு?"

"முடிவு இல்ல மேடம். பக்கத்த மாத்திக் கட்டித் திரும்பப் பார்க்கணும்."

"பாப்பீங்களா?"

"முடியாது மேடம். அவ மறந்துட்டா."

நீங்கள் போகலாம் என்றார்கள்.

பாத்ரூமில் துண்டை மாற்றினேன். பழனி வழி பஸ். முழுக்கத் தூக்கம், வாயைத் திறந்து தூங்கியிருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

போய்விட்டது என்று இவரிடம் சொன்னேன். "என்ன கேட்டாக?" "மல்லிகைப்பூ பத்தி." "தாமிரம் படிச்சுட்டுப் போயி மல்லிகைப்பூவா?" சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார்.

பாப்பா என்னிடம் வரவில்லை. அத்தையின் தோளிலிருந்தே பார்த்தாள். சாயங்காலம் தானாக வந்து புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன், ஒரு பக்கம்தான் கட்டினேன் என்று.

"கூறுகெட்டவளே. பாதி ஒடம்புக்கு மட்டும் வைத்தியம் பாத்தவ நீ ஒருத்திதான்."

ஜூன் 20, வெள்ளி

காற்று நிற்கவில்லை. முருங்கை ஒரு கிளை முறிந்தது. கீரை ஆய்ந்து முடிக்க மதியம்.

மெயில். தேர்வு பெற்றவர்கள் பட்டியல். கடைசிக்கு முந்தின பெயர் என்னுடையது. ஜூலைக்குள் சேர வேண்டும்.

பந்தலில் இருந்தவருக்குப் போன் செய்தேன். மருந்தடிக்கும் மிஷினை நிறுத்தினார். பிறகு, "பாப்பாவுக்கு அங்கன குளிரு ஒத்துக்கிருமா?"

அழைத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று கேட்கவில்லை. குளிரைத்தான் கேட்டார்.

அத்தை: "நானும் வாரேன். வீடு பாக்குறப்ப ரெண்டு அடுப்பு வைக்கிற மாதிரி பாரு. எம்மகன் இங்கன தானே பொங்கித் தின்னு பழகட்டும்." சொல்லிவிட்டு முறிந்த கிளையை இழுக்கப் போய்விட்டார். சந்தோஷமா கோபமா தெரியவில்லை.

எனக்கும் தெரியவில்லை. தூக்கம் வருகிறது, அவ்வளவுதான்.

குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் இப்போது ஒரே மாதிரி, எது எதுவென்று சொல்ல முடியாது. பாப்பா மடியில் ஏறினாள். பழைய ஞாபகத்தில் மாராப்பை விலக்கினாள், பார்த்தாள். "உவ்வே" என்றாள். அவளே இழுத்து மூடினாள்.

"இல்ல பாப்பா. இப்பக் கசக்காது."

நம்பவில்லை. தொட்டு நக்கிப் பார்க்கவும் இல்லை.