உண்மை விளம்பி இன்னும் வரவில்லை

மார்ச் 3
என் வலைப்பூ இருக்கும் தளத்தை இந்த மாதக் கடைசியில் மூடுகிறார்களாம். "உங்கள் நினைவுகளைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று புத்திமதி வேறு. யாரிடம் சொல்கிறார்கள்? நான் படித்ததே ஐந்தாவது வரைதான். அங்கே என் பென்சிலைக் கடித்தவள் பெயர் இன்னும் தெரியும். அவள் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

மார்ச் 4
பேத்திக்கு ஆபீசில் வேலையே இந்த மாதிரித் தளம் கட்டுவதுதான். புது இடத்துக்கு மாற்றித் தருகிறேன் என்றாள். அப்புறம் மெதுவாக,
"பாட்டி, கட்டுரை மட்டும்தான் போகும். கமென்டெல்லாம் போகாது."
கட்டுரை நான் சொன்னது. அது எனக்கெதற்கு? அடுத்தவர்கள் சொன்னதுதான் எனக்கு வேண்டும்.

முக்கியமாக "உண்மை விளம்பி". வேறு யாருமில்லை, என் நாத்தனார்தான். என்னோடு பேச்சை நிறுத்தி ஒன்பது வருஷம். ஆனால் வலைப்பூவில் நான் எழுதும் கோட்பாடு ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெயரில் சண்டைக்கு வருவாள். "அம்மையீர்" என்று ஆரம்பிப்பாள். ஒரு தடவை ஆத்திரத்தில் "அண்ணி" என்று தட்டிவிட்டாள். நான் கண்டுகொள்ளவில்லை.

மார்ச் 9
குடிமாறியாயிற்று. பழைய தளத்தில் புது விலாசம் ஒட்டியிருக்கிறோம். புது இடம் ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளையாக இருக்கிறது. வருகிறவர்கள் பதிந்துகொள்ள வேண்டுமாம். இதுவரை பதிந்தது மருமகன் ஒருத்தர். அதுவும் பயத்தில்.

முதலில் கோட்பாடு எண் ஒன்று: மறதி என்று ஒன்று கிடையாது, மறந்துவிட்டேன் என்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள். அதற்குக் கீழே ஒரு கமென்ட் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி.

மார்ச் 11
தலைப்புக்கு மேல் "இரண்டு நிமிட வாசிப்பு" என்று போட்டால் ஆள் வருமாம். என் கோபம் எதுவும் இரண்டு நிமிடத்தில் முடிகிற கோபம் இல்லை.

மார்ச் 14
கமென்டுகளை நானே ஏற்றுகிறேன், ஒற்றை விரலால், ஞாபகத்திலிருந்து. யார், என்ன, எந்தத் தொனியில் – எல்லாம். பழைய தளத்தைப் பார்த்து எழுதேன் என்றாள் பேத்தி. பார்த்து எழுதினால் அதற்குப் பெயர் காப்பியடிப்பது.

நாத்தனாருடையதைத்தான் முதலில் ஏற்றினேன். ஒரு எழுத்து பிசகவில்லை.

மார்ச் 16
பழைய தளத்தில் கமென்ட் போடுகிற பல் டாக்டர் புதுத் தளத்துக்கு வந்துவிட்டார். என் கோட்பாட்டை வயிற்றெரிச்சல் என்று அவர் எழுதியதை அப்படியே ஏற்றியிருந்தேன். நான் அவ்வளவு மரியாதையில்லாமல் எழுதுவேனா என்கிறார். சாட்சிக்கு, அங்கே கமென்ட் போட்டுக்கொண்டிருந்த தையல்காரம்மாவையும் கூட்டி வந்தார். அந்தம்மா தான் சொன்னதைப் பார்த்துவிட்டு அவரைவிட அதிகமாகக் கத்துகிறாள்.

மார்ச் 18
ஒருத்தர் விடாமல் பதிந்துகொண்டு வந்து, நான் அப்படிச் சொல்லவில்லை என்கிறார்கள். "உங்கள் சமூகம் வளர்கிறது" என்று தளம் பாராட்டுகிறது. சமூகமாம். பஞ்சாயத்து என்று சொல்லேன்.

மார்ச் 21
உண்மை விளம்பி வரவில்லை.

மார்ச் 25
இன்றும் இல்லை. "நீயே அத்தைக்கு ஒரு போன் பண்ணேம்மா" என்கிறாள் மகள். பேச்சின் நடுவே போனை வைத்தது அவள். எடுக்க வேண்டியதும் அவள்தான்.

பழைய தளம் மூடிவிட்டால் விலாசமும் போய்விடும். அப்புறம் எங்கே என்று வருவாள்?

எல்லோரும் மறுக்கத்தானே வருகிறார்கள்? அவள் சொன்னதை அவள் என்றைக்கும் மறுத்ததில்லை. நான் சரியாக ஏற்றி வைத்தால் அவளுக்கு இங்கே என்ன வேலை?

மார்ச் 29
புதுக் கட்டுரை எழுதி இரண்டு தளத்திலும் போட்டேன். மகள் பிறந்த அன்று நாத்தனார் பார்க்க வந்தது. "மூக்கு எங்க வீட்டு மூக்கு. மத்ததெல்லாம் போகப் போகச் சரியாயிடும்" என்றாள். பெற்றுப் போட்டுப் படுத்திருக்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது?

அன்று நாத்தனார் போட்டிருந்தது நீல ஸ்வெட்டர். நீலம் என்று தட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழித்துவிட்டுப் பச்சை என்று போட்டேன்.

மார்ச் 30
இல்லை.

மார்ச் 31
காலையில் பழைய தளம் மூடிவிட்டது. புதியதில் ஒரு கமென்ட்.

"அண்ணி, அது நீலம். நீங்க பின்னிக் குடுத்தது. அதையேவா மறந்துட்டீங்க?"

மறந்துவிட்டேன் என்று பதில் போட்டேன்.

கோட்பாடு எண் ஒன்றை மாற்றவில்லை. அப்படியே இருக்கட்டும்.