உன் வண்டி நின்ற இடத்தில்

இன்று காலை தோசைக்கரண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், மாதா மேடையில் உறைந்து கிடந்த மெழுகைச் சுரண்டினேன். அடுத்த வாரம் மழைநீர் வடிகாலுக்காகத் தெருவைத் தோண்டப்போகிறார்கள். மேடை ரோட்டில் இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று சொல்லி, அதன்மேல் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். நான்கு வருஷத்து மெழுகு, தேங்காய்ப் பத்தை மாதிரி பெயர்ந்து வந்தது. அடியில் கிடந்த ஒரு பழைய துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு மீன் செதில். காசிமேட்டிலிருந்து வந்த கையைக்கூடக் கழுவாமல் நீ ஏற்றிய மெழுகுவத்தி அது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னை மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்று, பந்தல் போடவேண்டும் என்று யாரும் சொல்வதற்கு முன்னாலேயே தெருவில் இருந்த வண்டிகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். என் மகனும் காரை எடுத்தான். நீ உயிரோடு இருந்தபோது ஒரு சாண் நகராத கார். நம் தெரு இவ்வளவு அகலமா என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி உன் மீன்பாடி வண்டி இருபது வருஷம் நின்றது. முன்னால் இரண்டு சக்கரம், அதன்மேல் பெட்டி அடுக்கப் பலகை, பின்னால் ஏதோ ஒரு பழைய பைக்கின் எஞ்சின். உன் வீட்டுக்காரர் ஓட்டிய வண்டி. அவர் இறந்து பதினாறாம் நாள் முடிந்ததும் நீயே அதில் ஏறி உட்கார்ந்தாய். தெருவே வாயைப் பிளந்தது. "ஓட்றது ஆம்பளையா பொம்பளையான்னு வண்டிக்கு தெரியுமா இன்னா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினாய். விடியற்காலை காசிமேட்டில் மீனும் ஐஸும் ஏற்றி, மூலக்கொத்தளம் வரை தெருத்தெருவாக விற்று, மதியத்துக்கு மேல் திரும்பி வந்து சுவரோரம் நிறுத்துவாய். நான் துறைமுக ஆபீஸில் வெறும் கிளார்க். ஆனால் உனக்கு நான் ஆபீசரம்மா. "இன்னா ஆபீசரம்மா, இன்னிக்கு கப்பல் எதுனா வந்துச்சா, இல்ல தூங்கிட்டு வந்தியா?" என்பாய். நாங்கள் கறி தொடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நான் கேட்காமலே படியில் சங்கரா மீன் இருக்கும். அப்படி இருந்தவர்கள்தான் நாம்.

அப்புறம் என் மகன் கார் வாங்கினான். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

எண்ணூரில் வேலை முடிந்து அவன் சாயங்காலம் வரும்போது, உன் வண்டி நின்றால் காரைச் சுவரோரம் ஒதுக்க முடியாது. ஹாரன் அடிப்பான். நீ சோற்றுக் கையோடு ஓடி வந்து வண்டியைத் தள்ளுவாய். கார் நின்றதும், உன் வண்டியை அதன் மூக்கில் இடிக்கிற மாதிரி மறுபடி கொண்டுவந்து வைப்பாய். ஐஸ் தண்ணீர் கார் டயருக்கு அடியில் ஓடும். பெட்டி வாசனைக்கு வந்த பூனைகள் எஞ்சின் சூட்டுக்காகக் கார்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்தால் புது பெயின்டில் நீளமாக நகக்கீறல். அவ்வளவுதான், எனக்கு வந்ததே கோபம்!

"வண்டிய எட்துகினு போறியா, இல்ல ஆள வுட்டு தூக்கட்டா?" என்று நடுத்தெருவில் கத்தினேன். ஆபீஸில் முப்பது வருஷம் அடக்கி வைத்திருந்த பாஷை அன்றைக்குத் தானாக வந்தது.

"ரோடு இன்னா உங்கப்பன் வூட்டு ரோடா?"

"பூனை கீறி வெச்சிருக்கு பாரு!"

"பூனைய நானா ஏத்தி வுட்டேன்? அதாண்ட போயி கேளு!"

தெருவே சிரித்தது. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் பழைய பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி உன் இடத்தில் வைத்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் நீ அதன்மேல் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாய். "நல்ல ஸ்டூலு ஆபீசரம்மா. இன்னொன்னு இருந்தா குடேன்" என்றாய். ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்து வந்த போலீஸ்காரர் ரோட்டை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொது ரோடும்மா. ரெண்டு பேரும் அட்ஜஸ்ட் பண்ணிகினு போங்க" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போகும் வழியில்தான் அந்த யோசனை வந்தது. நம் ராயபுரத்தில் எந்தத் தெருமுனையில் திரும்பினாலும் ஒரு கெபி இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் மாதாவோ அந்தோணியாரோ நிற்பார்கள். அதன் முன்னால் யாரும் குப்பை கொட்டமாட்டார்கள், வண்டி விடமாட்டார்கள். எந்த மதத்துக்காரராக இருந்தாலும் ஒரு நொடி நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். வீட்டு ஷோகேஸில் என் கல்யாணத்துக்கு வந்த மாதா சிலை இருந்தது. கொத்தனாரை வரச்சொல்லி, உன் வண்டி நிற்கும் இடத்தைக் காட்டினேன். சிலை ஒன்றரை அடி, மேடை ஆறடி. "இம்மாம் பெரிய மேடை எதுக்கும்மா?" என்று அவர் கேட்டார். பூ வைக்க என்று சொன்னேன். என் நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

மேடை கட்டி முடித்த அன்று நீ வண்டியோடு வந்ததை நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எஞ்சினை அணைத்தாய். மாதாவைப் பார்த்தாய். பிறகு ஜன்னலைப் பார்த்தாய். இப்போது வரும் பார் என்று நான் பதில்களை அடுக்கிக்கொண்டு நின்றேன். நீ இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் கூப்பினாய். "மாதா வந்துட்டாங்களா? சரி" என்றாய். அவ்வளவுதான். வண்டியைத் திருப்பி, தெருக்கோடியில் கோடவுன் சுவர் மூலைக்கு ஓட்டிக்கொண்டு போனாய். ஜெயித்துவிட்டேன் என்று அன்று நான் டீ போட்டுக் குடித்தேன்.

அதற்குப் பிறகு தினமும் நீ கோடவுன் மூலையில் வண்டியை விட்டுவிட்டு, காலிப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்து வந்தாய். வீட்டுக்குப் போகும் முன் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி. மீன் வாசனையோடு கும்பிடுகிறாளே என்று யாரோ முணுமுணுத்தபோது, "மாதாவோட புள்ளையாண்ட இருந்தவங்கல்லாம் வலை போட்டவங்கதான்னு எங்க ஆபீசரம்மா சொல்லிகீது. சொம்மா இரு" என்று நீ திருப்பிக் கொடுத்தாய். என்றைக்கோ நான் கதையாகச் சொன்னதை எனக்காகவே ஞாபகம் வைத்திருந்தாய்.

கோடவுன் மூலையில் தெருவிளக்கு கிடையாது. அங்கே உட்கார்ந்து குடிப்பவர்கள் பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு விடியற்காலையில் உன் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு கண்ணாடித் துண்டு ஏறியது. சர்க்கரை உள்ள உடம்பு. புண் ஆறவில்லை. முதலில் ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு இன்னொன்றை. அப்போதும் நீ வண்டி ஓட்டினாய், அப்போதும் அந்த மூலையிலிருந்து நொண்டி நொண்டித்தான் வந்தாய். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். வண்டியை இங்கேயே விடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் மேடையை ஏன் கட்டினேன் என்பதையும் சொல்லவேண்டும். சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாய். "ஆபீசரம்மா, எனக்கு உங்க ஜெபம்லாம் தெரியாது. என் காலுக்காக மாதாவாண்ட நீ ஒரு வார்த்தை சொல்லேன்" என்றாய். உன் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை முழுவதும் சொன்னேன். யாரால் உனக்குக் கால் போகிறதோ அவளே உனக்காக ஜெபம் சொன்னாள். முடித்ததும், "உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பால சொல்லு. காத்து அடிக்குது, மெழுகுவத்தி அணையப்போவுது பாரு" என்று அதைக் கையால் மறைத்துக்கொண்டாய். நானும் தப்பித்தோம் என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த அப்பால வரவே இல்லை. அதற்குள் புண்ணின் விஷம் உடம்பெல்லாம் ஏறி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு ஒவ்வொரு பெருநாளுக்கும் போனேன். கோபப்பட்டேன் சாமி, புறம் பேசினேன் சாமி என்று எல்லாம் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை. மாதாவுக்குக் கெபி கட்டியது பாவம் என்று எப்படிச் சொல்வது?

சிவப்புக் குறி போட்ட செய்தி பரவியதும் இன்று மதியம் தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள். "மாதா மேல எவன் கை வெக்கிறான்னு பாக்கறோம்" என்றார்கள். மனு எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். பக்தியால் எழுப்பப்பட்ட கெபி, அகற்றக்கூடாது என்று அதில் இருந்தது. முதல் கையெழுத்து நான் போடவேண்டுமாம். பேனாவைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து உன் மகள் வந்தாள். இப்போது அவள்தான் உன் வண்டியை ஓட்டுகிறாள். அதே கோடவுன் மூலை, அதே நடை, இடுப்பில் அதே பெட்டி. உன்னைப் போலவே மெழுகுவத்தியை எடுத்தாள். அவளைத் தனியாகச் சுவரோரம் கூப்பிட்டேன். "இந்த மேடைய நான் எதுக்குக் கட்டினேன்னு உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியும் ஆன்ட்டி."

"உங்கம்மாவுக்கு?"

"அம்மாதான் சொன்னாங்க. கட்டின அன்னிக்கே வூட்டுக்கு வந்து ஒரே சிரிப்பு. 'நம்ம வண்டிக்கு பயந்துகினு ஆபீசரம்மா மாதாவையே எறக்கிட்டாங்கடி'ன்னு."

"அப்புறம் ஏன் தினம் மெழுகுவத்தி வெச்சா?"

"நானும் அதான் கேட்டேன். 'மாதா இன்னாடி பண்ணாங்க? அவங்களா சண்டைக்கு வந்தாங்க? வூட்டுக்குள்ள நெழல்ல இருந்தவங்கள இட்டாந்து வெயில்ல நிக்க வெச்சிட்டாங்க, பாவம்'ன்னு சொன்னாங்க."

நான் அழுதேன். உன்மேல் ஆத்திரமும் வந்தது, மறைக்கமாட்டேன். தெரிந்துமா மூன்று வருஷம் நடந்தாய்? பூனைக்காக என்னைக் கிழித்தவள், இதற்கு ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். இரண்டு நாளில் மேடையை இடித்திருப்பேன். உன் கால் இருந்திருக்கும். இப்படி நினைப்பதும் பழியை உன்மேல் தள்ளுவதுதான் என்று எனக்குத் தெரிகிறது. பாரேன், இன்னும் என் புத்தி போகவில்லை.

மனுவைத் திருப்பிக் கொடுத்தேன். "இது பக்தியில கட்டுனது இல்ல. இவங்கம்மா வண்டி இங்க நிக்கக்கூடாதுன்னு நான் கட்டுனது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஒருவர் பேனாவை வாங்கிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார். என் மகன் உள்ளே போய்விட்டான். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மாதாவை எடுத்தபோது சிலை வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. முந்தானையில் சுற்றித்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. நீ சொன்னது சரிதான்.

வடிகால்காரர்களுக்காகக் காத்திருக்காமல் மேடையை நாளைக்கே இடிக்கச் சொல்லிவிட்டேன். கொத்தனார் அதே ஆள்தான். இடித்த பிறகு வண்டியை இங்கே கொண்டுவந்து விடு என்று உன் மகளிடம் சொன்னேன். "காரு?" என்று கேட்டாள். கார் கோடவுன் மூலைக்குப் போகட்டும், அதற்குக் கால் இல்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

செதில் இருக்கும் மெழுகுத் துண்டை என் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். தாளில் மீன் வாசனை ஏறட்டும். சனிக்கிழமை சாமியாரிடம் போகிறேன். இந்த முறை கோபப்பட்டேன் சாமி என்று ஆரம்பிக்கமாட்டேன். ஒருத்தி நொண்டி நொண்டி நடந்து வந்தாள், நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஆரம்பிப்பேன்.